புதிதாகக் கோல்ஃப் ஆட வருபவருக்கு எந்த கிளப்? என் பையில் இருக்கும் ஏழு கிளப்களைப் பற்றி

கோல்ஃப் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பந்தை அடிக்கும் மட்டையான கிளப்பை எந்த பிராண்டில் வாங்கலாம் என்றுதான். பிராண்டைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான் என் பதில். உங்கள் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் பொருந்துகிற நீளம் வேண்டும். நீங்கள் வீசும் வேகத்துக்கு வளைந்துகொடுக்கிற ஷாஃப்ட், அதாவது தண்டு, வேண்டும். வியர்த்தாலும் வழுக்காத கிரிப், அதாவது கைப்பிடி உறை, வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் பத்து வருடப் பழைய கிளப்பே போதும். இவை அமையாவிட்டால் லட்ச ரூபாய் செட்டும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், அளவு விஷயத்தில் அது முக்கியம். சென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வயது 44. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். எந்த கோல்ஃப் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. நந்தனம் மைதானத்துப் பயிற்சித் திடலில் பந்துக்கூடை வாங்கி அடித்துப் பழகினேன். பெங்களூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகும்போது அவனோடு மைதானத்தில் இறங்கி ஆடுகிறேன். இப்போது என் பையில் ஏழு கிளப் இருக்கின்றன: ஒரு 5-வுட், ஒரு ஹைப்ரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், அப்புறம் பட்டர். வுட் தூரமாக அடிக்க, அயர்ன் நடுத்தூரத்துக்கு (எண் கூடக்கூடத் தூரம் குறையும்), ஹைப்ரிட் இந்த இரண்டுக்கும் நடுவில், வெட்ஜ் கிட்டத்து அடிக்கும் மணலுக்கும், பட்டர் பந்தைக் குழிக்குள் உருட்டிவிட. 

விதிப்படி 14 கிளப் வரை எடுத்துப்போகலாம். அந்த உச்சவரம்பை 1938-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும், மறு வருடம் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் கொண்டுவந்தன. அதற்கு முன் பை தூக்கும் கேடியின் தோள் தாங்குகிற அளவுக்கு அடுக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் 14 என்பது மேல் வரம்பு, அத்தனையும் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு ஒவ்வொரு அயர்னுக்கும் இடையே பத்து மீட்டர் தூர வித்தியாசம் விழும். புதியவருக்கு 7-லும் 8-லும் அடித்த பந்து ஒரே இடத்தில்தான் போய் உட்காரும். அதனால் ஒன்று விட்டு ஒன்று எடுத்துப்போனால் போதும். பை எடை குறையும், எதை எடுப்பது என்ற யோசனையும் குறையும், ஒவ்வொரு கிளப்போடும் நல்ல பழக்கம் ஏற்படும்.

வாங்கும் வழி மூன்று. பெட்டியாக வரும் செட், பழைய கிளப், அளவெடுத்துப் புதிதாகச் செய்துவாங்குவது. மூன்றாவதை இப்போது விட்டுவிடலாம். உங்கள் வீச்சு மாதத்துக்கு மாதம் மாறும் காலத்தில் அதை அளந்து செய்துவாங்கினால் பணம்தான் வீண்.

பெட்டி செட்டைப் பற்றிச் சொல்ல நல்லதும் உண்டு. ஒரே நாளில் எல்லாம் கைக்கு வந்துவிடும், தேடி அலைய வேண்டாம். வில்சன் நிறுவனத்தின் ப்ரொஃபைல் வரிசையில் நீளத்தைக் கூட்டிக் குறைத்துத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. உயரமானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் அது பெரிய உதவி. டெக்கத்லானின் இனெசிஸில் அயர்னை ஒற்றையாகவே வாங்கலாம். வெறும் 7 அயர்ன் ஒன்றை வாங்கி, இந்த ஆட்டம் நமக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணிக்கையை நம்பி விலையை ஒப்பிடாதீர்கள். ‘12 பீஸ்’ என்றால் பையும் தலையுறைகளும் சேர்த்துத்தான் பன்னிரண்டு, கிளப் ஒன்பதுதான் இருக்கும். சிறிய செட்களில் பெரும்பாலும் சாண்ட் வெட்ஜ் இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டிவரும். முதல் அடிக்கான நீளமான கிளப்பாகிய டிரைவர் மட்டும் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஆளை இழுப்பது அதுதான். புதியவருக்குக் கடைசியில் வேண்டியது முதலிலும், முதலில் வேண்டியது இல்லாமலும் வருகிற ஏற்பாடு இது.

பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் விற்பனையாளர் இளஞ்சிவப்புப் பையோடு ஒரு லேடீஸ் செட்டை எடுத்து வைத்துவிட்டார். என் உயரத்தைக் கேட்கவில்லை, கையில் ஒரு டேப் இல்லை. “லேடீஸுக்கு இதுதான் மேடம், வேற பார்க்க வேண்டாம்” என்றார். லேடீஸ் கிளப் என்றால் பொதுவாக ஆண்கள் கிளப்பைவிட ஓர் அங்குலம் குட்டை, எடை குறைவு, ஷாஃப்ட் நன்றாக வளையும், கிரிப் மெல்லியது. ஐந்தடி இரண்டு, ஐந்தடி நான்கு உயரமுள்ள பெண்ணுக்கு அது அருமையாகப் பொருந்தும், நானே பரிந்துரைப்பேன். எனக்கு அந்த 7 அயர்னைப் பிடித்து நின்றால் முதுகு வளைந்து, முட்டி மடங்கி, பந்தின் மேல் கவிழ்ந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் நூறு பந்து அடித்தால் முதலில் போவது இடுப்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆணா பெண்ணா என்பது கிளப்புக்குத் தெரியாது. தரையிலிருந்து உங்கள் மணிக்கட்டு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, எவ்வளவு வேகமாக வீசுகிறீர்கள், இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும்.

அளப்பது மிகச் சுலபம். ஆடும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். கைகளைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவையும் உயரத்தையும் வைத்துப் பார்க்கும் அட்டவணை பல நிறுவனங்களிடம் உண்டு. எனக்கு வந்த விடை: ஆண்களின் வழக்கமான நீளம், அல்லது அதில் அரை அங்குலம் குறைவு. ஆண்களின் 7 அயர்ன் சுமார் 37 அங்குலம், பெண்களுடையது 36. கேட்க ஒரே ஓர் அங்குலம்தான். பிடித்து நின்றால் இடுப்பு சொல்லிவிடும்.

நீளம் தெரிந்துவிட்டது, அடுத்தது ஷாஃப்ட். என் கருத்தில் புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பயிற்சித் திடலில் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன், சிறு வயதில் பை தூக்கும் கேடியாக வந்து, ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுப் பயிற்சியாளர் ஆனவர். அவர் என் முன்னால் மூன்று 7 அயர்னை வைத்தார். ஒன்று ஸ்டீல் ஷாஃப்ட். ஒன்று கிராஃபைட் என்று சொல்லும் கார்பன் நார் ஷாஃப்ட், வளைவில் ரெகுலர், அதாவது வழக்கமானது. ஒன்று கிராஃபைட், அதைவிட ஒரு படி இளகியது. “எதுவும் யோசிக்காதீங்க மேடம், பத்துப் பத்தா அடிங்க. பந்தை நான் பார்த்துக்கிறேன். உங்க கை என்ன சொல்லுதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லுங்க” என்றார்.

ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் நூறு கிராமுக்கு மேல் இருக்கும், கிராஃபைட் அறுபது எழுபது கிராம். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கோல்ஃப் பந்தின் எடை. விதிப்படி பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. எடுத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம், இருபது முப்பது முறை வீசியதும் முன்கையில் தெரிந்தது. ஸ்டீலில் என் பந்துகள் தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கமே போயின. வீச்சின் வேகத்துக்கு மிஞ்சிய விறைப்பான ஷாஃப்டில் வலக்கைக்காரர்களுக்குப் பொதுவாக இப்படித்தான் ஆகும், அடிக்கிற நேரத்துக்குள் கிளப்பின் தலை திரும்பி நேராகாது. மூன்றாவதில் பந்து எழும்பியது. அடித்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. திடலின் பாய் கடினமானது, அதில் தப்பாக அடித்தால் அதிர்வு முழங்கை வரை ஏறும். கிராஃபைட் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிற கைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஷாஃப்டின் மேல் போட்டிருக்கும் எழுத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல் என்றால் லேடீஸ், ஏ என்றால் சீனியர், ஆர் ரெகுலர், எஸ் ஸ்டிஃப். ஆனால் இதற்கெல்லாம் தொழில் முழுமைக்குமான பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ் போல இருக்கலாம். அடித்துப் பார்க்காமல் எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

ஆக எனக்கு வேண்டியது, ஆண்களின் நீளத்தில், வயதானவர்களுக்குச் செய்யும் இளகிய கிராஃபைட் ஷாஃப்டோடு ஓர் அயர்ன் செட். புதிதாக அப்படி ஒன்று பெரும்பாலும் அலமாரியில் நிற்காது, சொல்லிச் செய்ய வேண்டும். பழையதில் தாராளமாகக் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தொழிலதிபர்களும் அறுபது வயதுக்கு மேல் ஷாஃப்டை இலகுவாக மாற்றிக்கொள்கிறார்கள், கொஞ்ச வருடத்தில் அதையும் விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். அவர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். உயரமான பெண்களுக்கும், வேகமாக வீசாத ஆண்களுக்கும், நடுவயதில் தொடங்குகிற யாருக்கும் பழைய சந்தையில் முதலில் தேட வேண்டிய சொல் ‘சீனியர்’தான்.

தம்பிதான் பெங்களூரில் அந்தக் கடைக்கு அழைத்துப்போனான். ஒரு வீட்டின் மாடி அறை, வெளியே பலகைகூட இல்லை. சுவர் முழுக்கச் சாய்த்து வைத்த அயர்ன்கள், நடுவில் ஒரு பட்டறை மேசை, அதில் ஒரு வைஸ். நடத்துபவர் தமிழர், கிளப் பழுது பார்ப்பதே அவர் தொழில், விற்பனை அதோடு சேர்ந்தது. நான் அளவைச் சொன்னதும் அவர் பிராண்டு எதையும் சொல்லாமல் முதலில் டேப்பை எடுத்துத் தானே ஒருமுறை அளந்தார். அந்த ஒரு செயலுக்காகவே அவரிடம் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் எடுத்துக் கொடுத்தது பிங் நிறுவனத்தின் ஜி25. பத்து வருடத்துக்கு மேல் பழைய மாடல். 6-இலிருந்து 9 வரை, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ். ஷாஃப்டில் ‘சாஃப்ட் ரெகுலர்’ என்று இருந்தது, சீனியர் போன்ற இளகிய ஷாஃப்டுக்கு பிங் வைத்த பெயர் அது. தலையின் பின்புறம் ஒரு கறுப்புப் புள்ளி. பிங் கிளப்களில் அந்தப் புள்ளியின் நிறம் ஒரு தகவல். கறுப்பு என்றால் ஷாஃப்ட் தரையோடு வழக்கமான சாய்வில் நிற்கும். நீலம், பச்சை என்று போனால் ஷாஃப்ட் இன்னும் நிமிர்ந்து நிற்கும், சிவப்பு, ஆரஞ்சு என்றால் படுத்து நிற்கும். உயரமானவர்களுக்கு நிமிர்ந்ததும், குள்ளமானவர்களுக்குப் படுத்ததும் வேண்டியிருக்கலாம். ஷாஃப்ட் நுழையும் கழுத்துப் பகுதியான ஹோசலில் ஒரு சீரியல் எண்ணும் உண்டு. அதைக் கொடுத்தால் இந்தக் கிளப் முதலில் என்ன அளவில் செய்யப்பட்டது என்று நிறுவனமே சொல்லும். பழையதை வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரபல பிராண்டுகளின் பெயரில் போலிகள் நிறைய உலாவுகின்றன. பிங் செட்டில் சீரியல் எண் இல்லாமலோ, ஒவ்வொன்றிலும் வேறு வேறாகவோ இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

இந்த மாதிரி அயர்ன் புதியவருக்கு ஏன் நல்லது என்பது எனக்குப் பாடம் நடத்தும் அளவுக்குப் பிடித்த விஷயம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நடுத்தர வயதில்தான் கோல்ஃப் ஆடவே வந்தார். பட்டர் தன் கையில் திரும்பிக்கொள்வதைப் பார்த்து, 1959-இல் எடையை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளி ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று சத்தம் வந்தது, அதுவே பெயர் ஆயிற்று. பிறகு அதே யோசனையை அயர்னுக்கும் கொண்டுபோனார். காவடித் தண்டை நினைத்துப் பாருங்கள். சுமை நடுவில் இருந்தால் தண்டைச் சட்டென்று சுழற்றிவிடலாம், இரண்டு முனையிலும் தொங்கினால் திருப்புவது கஷ்டம். அயர்னின் தலையிலும் அதேதான். பின்பக்கம் குடைந்து, அந்த உலோகத்தை ஓரங்களுக்கு அனுப்பிவிட்டால் தலை சுழல்வதை எதிர்க்கும் திறன் கூடுகிறது. நடுவில் படாமல் நுனியில் பட்ட பந்துக்கும் தலை அதிகம் முறுக்கிக்கொள்ளாது. பந்து பத்து மீட்டர் குறைவாகப் போனாலும் போகவேண்டிய பக்கமே போகும். எடை அடிப்பகுதியில் இருப்பதால் பந்து தானாகவே எழும்பும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும், பின்பக்கம் குடையாத பிளேடு அயர்ன் பார்க்க அழகு. ஆனால் பந்தை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் அடிக்கத் தெரிந்தவருக்கானது அது.

பழைய அயர்னைப் பார்த்து வாங்கும் விதத்தைக் கடைக்காரர் எனக்குக் காட்டியபடியே சொல்கிறேன். முதலில் கிளப்பின் முகத்தில், அதாவது பந்தில் படும் பக்கத்தில், உள்ள கோடுகளில் கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நகம் சிக்கித் தாண்ட வேண்டும், வழுக்கிக்கொண்டு போனால் தேய்ந்துவிட்டது என்று பொருள். 9-லும் வெட்ஜிலும் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள், எல்லாரும் பயிற்சியில் அதிகம் தேய்ப்பது அவற்றைத்தான். அப்புறம் ஷாஃப்டும் தலையும் சேரும் இடத்தில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அது மேலே நகர்ந்து இடைவெளி தெரிந்தால் உள்ளே பசை விட்டுப்போயிருக்கலாம். தலையை ஒரு கையிலும் ஷாஃப்டை ஒரு கையிலும் பிடித்து முறுக்கினால் ஒரு சின்னச் சத்தம்கூட வரக்கூடாது. கிராஃபைட் என்றால் அந்த வளையத்துக்கு மேலே நான்கு விரல் தூரம் வரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்திருப்பது பையில் உரசியதால் இருக்கும், பரவாயில்லை. நார் தெரிந்தால் வேண்டாம். கடைசியாக, எல்லா கிளப்பையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்து நீளம் படிப்படியாகக் குறைகிறதா என்று பாருங்கள். யாராவது ஒன்றை மட்டும் வெட்டியிருந்தால் உடனே கண்ணில் படும். கிரிப் தேய்ந்திருக்கிறதே என்று நல்ல செட்டை ஒதுக்காதீர்கள், அது மாற்றக்கூடியது.

ஷாஃப்டின் சாய்வு எனக்குச் சரியா என்று பார்க்க அவர் ஒரு வெள்ளைப்பலகை மார்க்கரை எடுத்தார், அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பந்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடிக்க வேண்டும். கோடு முகத்தில் அச்சாகப் பதியும். அது பள்ளக் கோடுகளுக்குச் செங்குத்தாக விழுந்தால் சாய்வு சரி. கோட்டின் மேல்முனை கிளப்பின் நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்திருக்கிறது, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். ஷாஃப்ட் சேரும் பக்கம் சாய்ந்தால் எதிர்மாறு. வலைக்குள் அடித்துப் பார்த்தோம், எனக்குக் கோடு நேராக விழுந்தது. செலவே இல்லாத சோதனை, எந்தத் திடலிலும் செய்துபார்க்கலாம்.

கிரிப் மாற்றுவதை நின்று முழுக்கப் பார்த்தேன். கொக்கி போன்ற பிளேடால் பழைய ரப்பரை நீளவாக்கில் கீறி உரித்தார். அடியில் இருந்த பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, புதிதாக இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றினார். புதுக் கிரிப்பின் அடித்துளையைக் கட்டைவிரலால் அடைத்து உள்ளே கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே தள்ளில் ஏற்றிவிட்டார். நிமிடத்துக்குள் நேராக்கிவிட வேண்டும், பிறகு பிடித்துக்கொள்ளும். அளவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இடக்கையால் கிளப்பைப் பிடித்தால் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையின் மேட்டை லேசாகத் தொட வேண்டும். அழுத்திக் குத்தினால் கிரிப் மெல்லியது, தொடாமல் நின்றால் தடிமன். எனக்கு ஆண்களின் வழக்கமான கிரிப் கொஞ்சம் தடிமனாகப் பட்டது. டேப்பை ஒரு சுற்று குறைத்துப் போட்டுச் சரிசெய்தார். சென்னை வியர்வைக்கு நூல் கலந்த கிரிப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மெல்லிய தோலைத் தேய்க்கும். நான் சாதாரண ரப்பர் கோல்ஃப் ப்ரைடு டூர் வெல்வெட் போட்டுக்கொண்டேன், மைதானத்துக்கு இரண்டு சிறு துண்டு எடுத்துப்போகிறேன். மாதம் ஒருமுறை வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டுக் கழுவினால் பிடிமானம் திரும்ப வருகிறது.

சாண்ட் வெட்ஜை எடுத்துத் தரையில் வைத்துப் பாருங்கள். முன்விளிம்பு தரையைத் தொடாது, அடிப்பக்கத்தின் வயிறுதான் தொடும். அந்தப் புடைப்புக்குப் பெயர் பவுன்ஸ். மணலில் கத்தி போல இறங்கிவிடாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வர வைப்பது அதுதான். இன்றைய சாண்ட் வெட்ஜின் வடிவம் 1930-களில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சராசன் செய்த வேலையிலிருந்து வருகிறது. புதியவர்கள் பவுன்ஸ் பத்து டிகிரிக்கு மேல் இருப்பதாக வாங்க வேண்டும். மணலில் இருந்து ஒரே அடியில் வெளியே வருவது முதல் வருடத்தில் கிடைக்கக்கூடிய பெரிய நிம்மதி, அதற்கு இந்த ஒரு எண் போதும்.

மைதானத்தில் டிரைவருக்குப் பதிலாக 5-வுட் எடுக்கிறேன். டிரைவர் 45 அங்குலத்துக்கு மேல் நீளம், முகச் சாய்வு பத்துப் பதினோரு டிகிரி. நீளம் கூடினால் நடுவில் படுவது குறையும், முகச் சாய்வு குறைந்தால் பந்தின் பக்கவாட்டுச் சுழற்சி தன் வேலையை முழுதாகக் காட்டும். 5-வுட் குட்டை, சாய்வு 18 டிகிரி அளவு. தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் பந்து புல்லில் கிடக்கும், மரத்தடியில் தேட வேண்டாம். தம்பி ஒவ்வொரு முறையும் “அக்கா, என் டிரைவரை ஒரு தடவை அடிச்சுப் பாரேன்” என்கிறான். அடித்தும் பார்த்தேன். ஒன்று நன்றாகப் போனால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, உண்மைதான். இன்னும் வாங்கவில்லை. ஹைப்ரிட் வைத்திருப்பது 4, 5 அயர்ன்களின் இடத்துக்கு. நீளமான அயர்னை எழுப்ப வேகம் வேண்டும். ஹைப்ரிட்டுக்கு அவ்வளவு வேண்டாம், உயரப் புல்லிலிருந்தும் வெளியே வரும்.

பட்டரை யாரும் மதிப்பதில்லை. பதினெட்டுக் குழிக்கு இத்தனை அடி என்று வகுத்த பார் 72 என்ற கணக்கே ஒவ்வொரு குழிக்கும் பட்டரால் இரண்டு அடி என்று வைத்துப் போட்டது. அதாவது 36, சரிபாதி. அதனால் பட்டருக்கு நேரம் கொடுங்கள். அதன் நீளத்தைப் பார்க்க: பந்துக்கு நேர் மேலே கண் வருமாறு குனிந்து நின்று, கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும்போது கிரிப்பின் நுனிக்குக் கீழே ஓர் அங்குலத்தில் பிடி விழ வேண்டும். எனக்கு 34 அங்குலம் சரியாக இருந்தது. என்னுடையது பெரிய தலையுள்ள மேலட் வகை, பழையது. மேலே ஒரு வெள்ளைக் கோடு, குறி வைக்க உதவுகிறது. வீட்டுக் கூடத்தில் மொசைக் தரையின் கோட்டில் உருட்டிப் பழகுகிறேன்.

கையுறை, பந்து எல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆட்டுத்தோல் கையுறை கைக்குச் சுகம், ஆனால் சென்னையில் ஒரு மணி நேரத்தில் நனைந்து, காய்ந்ததும் அப்பளம்போல் விறைத்துவிடும். செயற்கைத் துணியில் வரும் மழைக்காலக் கையுறை இங்கே வருடம் முழுவதும் பொருத்தம். பந்துக்கு விலை கொடுக்காதீர்கள். இரண்டு அடுக்குப் பந்து, அதுவும் மைதானத்தில் கேடிகள் தேடியெடுத்துக் கழுவி விற்பது போதும். பை, நிற்கக் காலுள்ளதாகவும் இரண்டு தோளிலும் மாட்டக்கூடியதாகவும் இருக்கட்டும்.

அயர்ன் செட், வுட், ஹைப்ரிட், பட்டர், கிரிப் மாற்றிய கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தைந்தாயிரத்துக்குள் முடிந்தது. நான் முதலில் பார்த்த இளஞ்சிவப்புச் செட்டின் விலையும் ஏறக்குறைய அதுவே. என் பழைய செட்டை நான் என்றைக்காவது விற்றால் பாதியாவது திரும்ப வரும், பெட்டி செட்டை யாரும் நல்ல விலைக்குத் திரும்ப வாங்குவதில்லை. இடக்கைக்காரர்களுக்கு மட்டும் என் வழி அவ்வளவு சுலபமாக நடக்காது. நம் நாட்டுப் பழைய சந்தையில் இடக்கை செட் அபூர்வம், அவர்கள் புதிய பெட்டி செட்டைப் பார்ப்பதுதான் நல்லது.

குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரியவர் கிளப்பை வெட்டிக் கொடுக்காதீர்கள். வெட்டினால் ஷாஃப்ட் இன்னும் விறைக்கும், தலையின் எடையோ குறையாது, பிள்ளை முதுகை வளைத்துத் தூக்கி வீசப் பழகிவிடும். உயரத்தை வைத்து அளவு பிரித்த ஜூனியர் கிளப் கிடைக்கிறது. என் மகளுக்கு அதில் ஒரு 7 அயர்னும் ஒரு பட்டரும் வாங்கியிருக்கிறேன், உயரம் கூடும்போது அடுத்த அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று. என் செட்டில் வந்த 6-உம் 8-உம் அலமாரியில் இருக்கின்றன. 7-க்கும் 9-க்கும் நடுவே எனக்கு உண்மையாகவே ஒரு தூரம் தேவைப்படுகிற அன்று 8-ஐப் பையில் போடுவேன்.